தலைக்கு மேலே தம்பி

இலஞ்சி கிராம முன்சீப் 1938-ஆம் வருஷம் எழுதிக் கொடுத்த நன்னடத்தைச் சான்றின்படி, "மேற்படி பிச்சையா என்பவர் சாந்த சுபாவி, தன் ஜோலியுண்டு தானுண்டு என்றிருப்பவர், அயலார் காரியத்தில் தலையிடாதவர், உற்றார் உறவினரின் வாழ்வு கண்டு மகிழ்பவர், எவர் மீதும் பொறாமையோ மனத்தாங்கலோ அற்றவர்." பஸ் ஓட்ட லைசென்ஸ் வாங்குவதற்காகப் பெற்ற சான்று இது. முன்சீப் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவர் எல்லோருக்கும் இதே வாசகத்தைத்தான் எழுதுவார். அதை வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர் பிற்பாடு சொந்த மைத்துனரை வெட்டினார்.

பிச்சையா அந்த அளவுக்குப் போகிறவர் அல்ல. ஊரில் யார் மச்சு வீடு கட்டினாலும் போய்ப் பார்த்துப் பாராட்டிவிட்டு வருவார். யார் மகளுக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் அமைந்தாலும் முதல் ஆளாகப் பந்தலில் உட்காருவார். சித்தப்பா மகன் குற்றாலிங்கம் ஒருவன் மட்டும் விலக்கு. இருவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். பிச்சையா சில மாதங்கள் மூத்தவர். அந்தச் சில மாதங்களைத் தவிர வேறு எதிலும் குற்றாலிங்கத்தை அவரால் முந்த முடியவில்லை.

பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்து இல்லை என்பார்கள். மற்ற காய்ச்சலில் உடம்பு இளைக்கும். இந்தக் காய்ச்சலில் பிச்சையாவுக்கு அறிவு பெருத்தது. யுத்த காலத்தில் குற்றாலிங்கம் விமானப் படையில் சேர்ந்ததிலிருந்து பிச்சையா தென்காசியில் முடிவெட்டும் கடைக்குப் போய்த் தினமும் பேப்பர் படிக்கத் தொடங்கினார். எத்தனை விமானம் விழுந்தது என்று பார்க்கத்தான் தொடங்கினார். போகப் போக, விமானம் எப்படி மேலே நிற்கிறது என்பது வரை படித்துவிட்டார். பெற்ற தாய் பாலம்மாளிடம் மகன் எங்கே என்று கேட்டால் ஒரு நாள் பர்மா என்பாள், ஒரு நாள் பம்பாய் என்பாள். எந்த ஊரில், எந்த மாதிரி விமானத்தில் இருக்கிறான் என்று சரியாகச் சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர்தான் உண்டு. அவர் அவன் நன்றாக இருக்கக் கூடாது என்று நினைத்தவர்.

குற்றாலிங்கம் சீருடையில் எடுத்த போட்டோவை அண்ணனுக்கென்று ஒரு பிரதி அனுப்பினான். மாட்டாமலிருந்தால் ஊர் பேசும். பிச்சையா அதை வாசற்கதவுக்குப் பின்னால் மாட்டினார். கதவு திறந்திருந்தால் போட்டோ மறைந்துவிடும். அவர் வீட்டுக் கதவு விடிந்ததிலிருந்து படுக்கும் வரை திறந்தே கிடந்தது. எந்நேரமும் விருந்தினரை எதிர்பார்க்கும் வீடு என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் ஏற்பட்டது.

தம்பி ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் அண்ணன் ஓட்டியது கரி வண்டி. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸின் பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரியவிட்டு, அந்தப் புகையில் இன்ஜினை ஓட்ட வேண்டும். தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலம், அங்கிருந்து செங்கோட்டை, பிறகு வந்த வழியே திரும்புவது. மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். மாலையில் வீடு திரும்பும்போது பிச்சையாவின் முகம் அந்த உருளையின் நிறத்தில் இருக்கும்.

யுத்தம் முடிந்து, 1946-இல், சாரல் காலத்தில் குற்றாலிங்கம் விடுபட்டு வந்தான். தென்காசி ஸ்டேஷனில் இறங்கியவன் நேராக அண்ணன் வண்டியில்தான் ஏறினான். கண்டக்டர் துல்கர்னைனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏறுங்க, ஏறுங்க. இன்னைக்கு நம்ம வண்டியில ரெண்டு டிரைவரு. ஒருத்தரு கீழ, ஒருத்தரு மேல."

"டிக்கெட்டைக் கிழிலே" என்றார் பிச்சையா.

குற்றாலத்துக்குக் கூடை கொண்டுபோகும் மூக்கம்மாள் முன் இருக்கையில் இருந்தாள். அவள் குற்றாலிங்கத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏய்யா, அவ்வளவு மேல போனா மூச்சு முட்டாதா?"

"முட்டாது ஆச்சி."

"மழை வந்தா எங்கன ஒதுங்குவிய?"

"ஒதுங்க மாட்டோம். மழைக்கு மேல போயிருவோம்."

 மூக்கம்மாள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "கேட்டியாய்யா பிச்சையா, ஒந்தம்பி மழைக்கு மேல போவானாம். ஒன் வண்டியில மழை உள்ளயே பெய்யுது."

பஸ்ஸே சிரித்தது. பிச்சையாவும் சிரித்தார், பல் மட்டும் தெரிந்தது.

இலஞ்சிக்கு முந்தின மேட்டில் வண்டி வழக்கம்போல் நின்றது. குற்றாலிங்கம் யாரும் சொல்லாமலே இறங்கி, எல்லோருக்கும் முன்னால் போய், கரி உருளைக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். வெள்ளைச் சட்டை கறுப்பானது. "எவ்வளவு தன்மையான பிள்ளை" என்று பஸ் முழுக்கப் பேசிக்கொண்டது. பிச்சையாவின் கஷ்டமே அதுதான். தம்பி கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். வெறுப்பதற்கு ஒரு காரணமும் கொடுக்காமல் வாழ்வில் உயருவது பங்காளிக்குச் செய்யும் பெரிய துரோகம்.

அடுத்த வாரம் பிச்சையாவின் ஓய்வு நாளில் இருவரும் அருவிக்குப் போனார்கள். அருவிக்குப் போகும் வழிப் பாறையில் உட்கார்ந்து ஒருவர் முதுகுக்கு ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். குற்றாலிங்கம் விஷயத்துக்கு வந்தான்.

"ரெண்டு கம்பெனியிலேர்ந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்காண்ணே. எதுக்குப் போகன்னு தெரியல. ஒங்ககிட்ட கேக்கணும்னுதான் இருந்தேன்."

"எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கே? நான் கரி வண்டி ஓட்டுதவன்."

"நீங்க ரெண்டு மொதலாளிகிட்ட ஓட்டியிருக்கீய. எவன்கிட்ட நிலைக்கலாம், எவன்கிட்ட நிலைக்க முடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

யுத்தத்தில் மிஞ்சிய டகோட்டா விமானங்களை மலிவாக வாங்கி ஆளாளுக்கு விமானக் கம்பெனி தொடங்கிக்கொண்டிருந்த சமயம் அது. குற்றாலிங்கத்தை அழைத்தவை இரண்டு. ஒன்று மதராஸில் புதிதாக ஆரம்பித்த கோரமண்டல் ஏர்வேஸ். மற்றது பம்பாயிலிருந்த விந்தியா ஏர் சர்வீஸ்.

"கோரமண்டல்ல போன நாளே கேப்டன்னு சொல்லுதான்" என்றான் குற்றாலிங்கம். "ஆனா மூணு பிளேன்தான் வச்சிருக்கான். ரிப்பேருக்கு வெளிய கொண்டு போவணும். விந்தியாவுல ஒரு வருசம் பக்கத்து சீட்டுலதான் உக்காரணும். டில்லி, கராச்சின்னு தூரம் தூரமாப் போவும். அவனுக்குச் சொந்த ஒர்க்ஷாப்பு இருக்கு. பொறுத்திருந்தா பெரிய ஆளா வந்திரலாம்."

"மூணு வண்டி வச்சிருக்கவன் ஒண்ணு படுத்துக்கிட்டா என்ன செய்வான்?"

"மத்த ரெண்டையும் படுக்குத வரைக்கும் ஓட்டுவான்."

"அப்புறம்?"

"அப்புறம் கடையைச் சாத்திருவான்."

பிச்சையாவுக்கு எண்ணெய் தேய்க்கும் கையில் ஒரு தெம்பு வந்தது. கோரமண்டலுக்கே போ என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குத் தக்கபடி குரலில் பாசத்தையும் வரவழைத்தாயிற்று. அதற்குள் குற்றாலிங்கம் தொடர்ந்தான்.

"எனக்கும் கோரமண்டல்தாண்ணே மனசு. எதுக்கு தெரியுமா? அவன் மதராசு, மதுரை, திருவனந்தபுரம்னு லைன் விடுதான். மதுரையிலேர்ந்து திருவனந்தபுரத்துக்கு மேப்புல கோடு போட்டுப் பாத்தேன். நேரா நம்ம ஊரு மேல போவுது. காலையில ஒங்க வண்டி இலஞ்சியில நிக்குத நேரம் நான் மேல வருவேன். ஒங்களைப் பாத்து ஒரு றெக்கையைச் சாய்ச்சுக் காட்டிட்டுப் போவேன். தினமும்."

பிச்சையாவின் கை நின்றுவிட்டது.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. எண்ணெ கண்ணுல பட்டுட்டு."

"என்னமோ மேல பறந்து என்ன பிரயோசனம். எந்த ஊரு மேல போனாலும் நம்மளை யாருக்குத் தெரியுது? நீங்க ஆரனை அமுக்கினா தெருவே திரும்பிப் பாக்குது. புள்ளத்தாச்சியா இருந்தா வீட்டு வாசல்ல கொண்டுபோய் எறக்கி விடுதீய. நம்ம ஊரு மேல போனாலாவது நாலு பேரு 'குற்றாலிங்கம் போறான்'னு சொல்லுவாங்கல்லா. எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே ஒங்களைப் பாத்து ஒரு ஏக்கந்தாண்ணே."

பிச்சையா இதை நம்பவில்லை. பொறாமைக்காரர்களுக்கு அது தங்கள் சொந்த நிலம் போல. அதில் இன்னொருவனும் பயிரிடுகிறான் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டில் கை போகவில்லை. மனைவி பேச்சித்தாய் ரசத்தை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குப் புருஷனுடைய வயிற்றின் நிலவரம் முகத்திலேயே தெரியும்.

"என்ன சொன்னாரு ஒங்க தம்பி?"

"தலைக்கு மேல பறப்பானாம். தினமும்."

"பறக்கட்டும். ஒங்க தலையிலயா எறங்கப் போறாரு?"

"ஏட்டி, ஒனக்குத் தெரியாது. அவன் வருத நேரம் பஸ்ஸுல இருக்குத அம்புட்டுப் பேரும் தலையை வெளிய நீட்டிப் பாப்பான். அந்த துல்கர்னைன் பய சும்மா இருப்பானா? ஒரு நா ரெண்டு நாளோட போறதா அது? சாகுத வரைக்கும்."

"அப்ப பம்பாய்க்குப் போன்னு சொல்லுங்க."

"போனா பெரிய ஆளாயிருவான்."

பேச்சித்தாய் சிரிக்கவில்லை. "பெரிய ஆளானா தூரத்துல இருப்பாரு. சின்ன ஆளா இருந்தா தலைக்கு மேல இருப்பாரு. ரெண்டுலயும் ஒங்க வயிறு எரியத்தான் செய்யும். எதுல கொஞ்சமா எரியும்னு யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப சோத்தைத் தின்னுங்க."

விஷயத்தை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. தம்பி தாழ வேண்டும் என்றால் அவன் உயரத்தை நாள்தோறும் அண்ணாந்து பார்க்க வேண்டும். அவன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்றால் அவனை இன்னும் உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். பிச்சையா இரண்டு நாள் கியரை மாற்றி மாற்றிப் போட்டு வண்டியை உறுமவிட்டார். "ரெண்டு மூணு தடவை ஸ்டாப்பைத் தாண்டிட்டீய அண்ணாச்சி, பிளேன்னு நெனச்சுட்டியளா" என்றான் துல்கர்னைன்.

முடிவு அவர் கைக்கே வந்து சேர்ந்தது. மகன் இப்படியும் அப்படியுமாக இருப்பதைப் பார்த்து அலுத்துப்போன பாலம்மாள், இலஞ்சி முருகன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு நிறப் பூவை ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. எடுத்த பூவின் நிறமே சாமியின் உத்தரவு. ஆகாய விமானக் கம்பெனிகளில் எது நிலைக்கும் என்பதைப் பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது மாதிரியான காரியங்களோடு சேர்த்துக் கேட்டால் முருகன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்பது பாலம்மாளின் நம்பிக்கை. ஆகாயத்தில் வேலை செய்யப்போகும் குற்றாலிங்கமும் மறு பேச்சுப் பேசவில்லை. மேகத்துக்குள் கண்ணைக் கட்டியது போல் ஓட்டிப் பழகியவனுக்குச் சாமியை நம்புவது சிரமமில்லை போலும்.

பூவைக் கட்டுகிறவர் காரியத்தில் ஆசை இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். தாய் கட்டக் கூடாது. உத்தரவு கேட்பவனும் கட்டக் கூடாது.

"நீதான்யா மூத்தவன்" என்றாள் பாலம்மாள் பிச்சையாவிடம். "ஒனக்கு இதுல ஒரு விருப்பமும் கெடையாது. நீ கெட்டிக் குடு."

செவ்வரளி கோரமண்டலுக்கு, வெள்ளை நந்தியாவட்டை விந்தியாவுக்கு என்று பேச்சு. பிச்சையா பூவையும் வாழைச் சருகையும் நாரையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம்.

முதலில் இரண்டு சருகிலும் செவ்வரளியைத்தான் வைத்தார். மூன்று விமானம், அதில் ஒன்று படுக்கும், பிறகு இரண்டும் படுக்கும், தம்பி வெறுங்கையோடு இலஞ்சிக்குத் திரும்பி வருவான். அந்தக் காட்சி நன்றாகத்தான் இருந்தது. நாரைச் சுற்றி முடிச்சுப் போடும்போது அதற்கு முந்தின காட்சியும் கூடவே வந்தது. காலை வேளை, இலஞ்சியில் பஸ் புகைந்துகொண்டு நிற்கிறது, மேலே ஒரு சத்தம், மூக்கம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறாள், றெக்கை ஒரு பக்கம் சாய்கிறது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. ஓய்வில்லாமல் ஓட்டின டகோட்டா மேற்கு மலையில் எங்காவது மோதி வைத்தால்? உயிரோடிருக்கும் குற்றாலிங்கத்தையாவது கதவுக்குப் பின்னால் மாட்டலாம். செத்துப்போன குற்றாலிங்கத்துக்கு நடுவீட்டில் மாலை போட்டு விளக்கேற்ற வேண்டியிருக்கும். அவனை அதற்கப்புறம் யாராலும் ஜெயிக்க முடியாது.

இதற்கு நடுவில், அவன் செத்துப்போகக் கூடாது என்று வெறுமனே ஒரு நினைப்பும் வந்தது. அதைப் பிச்சையா அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

பொட்டலங்களைப் பிரித்தார். வழக்கப்படி ஒன்றில் சிவப்பும் ஒன்றில் வெள்ளையும் வைத்துச் சாமியிடமே விட்டுவிடலாமா என்றும் யோசித்தார். ஆனால் முருகன் மயில்மேல் போகிறவர். கீழே பஸ் ஓட்டுகிறவனின் கஷ்டம் அவருக்கு எப்படித் தெரியும்? செவ்வரளியை வேட்டி மடியில் செருகிக்கொண்டு, இரண்டு சருகிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினார்.

பூக்காரியின் மூன்று வயது மகள் அர்ச்சகர் காட்டிய இடத்தில் குனிந்து, வெகுநேரம் யோசித்து, இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. பாலம்மாள் கும்பிட்டபடியே அழுதாள். பம்பாய் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குற்றாலிங்கத்தின் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்த்த பிச்சையாவுக்கு வெகு காலத்துக்குப் பிறகு மனம் நிறைந்தது.

எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பழைய மாலைகளோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். ஊரில் எவரும் இந்த வழக்கத்தை மீறியதில்லை. பறக்கும் முன் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் பழக்கம் உள்ள ஒருவன் ஊரில் அதுவரை இருந்ததுமில்லை.

மறுநாள் காலை தென்காசி பஸ் ஸ்டாண்டில் துல்கர்னைன் கரி உருளையில் நெருப்புப் பிடிக்கக் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது குற்றாலிங்கம் வந்தான். டிரைவர் இருக்கைக்கு வெளியே நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அண்ணே, நேத்து மத்தப் பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்தேன்."

பிச்சையா ஸ்டீயரிங்கைப் பார்த்தார். "என்ன இருந்துச்சு?"

"வெள்ளைதான்."

  அடிப்பானோ என்று பிச்சையாவுக்கு ஒரு யோசனை வந்தது. அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று அடுத்த யோசனை வந்தது. பதிலுக்கு அடிக்கலாம்.

குற்றாலிங்கத்தின் கண்கள் கலங்கியிருந்தன. "ஊரைப் பாக்க ஆசைப்பட்டுக் கெட்ட கம்பெனியில போய் விழுந்திருப்பேன். அம்மையும் பக்கத்துல இருன்னுதான் சொல்லியிருப்பா. வாயால சொன்னா நான் கேக்க மாட்டேன்னு சாமி பேரால செஞ்சுட்டீய. நான் தூரமாப் போனா ஒங்களுக்கு மட்டும் வருத்தம் இருக்காதா? எனக்காகப் பாவத்தைத் தலையில ஏத்திக்கிட்டீயளேண்ணே."

"லே, அப்படியெல்லாம் இல்லலே" என்றார் பிச்சையா. உண்மையைத்தான் சொன்னார்.

"இப்படித்தான் சொல்லுவீயன்னு தெரியும்" என்று குற்றாலிங்கம் குனிந்து, படியில் இருந்த அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அவன் பம்பாய்க்குப் போனான். ஒரு வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். அடுத்த வருஷம் கேப்டன் ஆனான். ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொன்னான். தலைமகன் பிறந்ததும் பிச்சையா என்று பெயர் வைத்தான். அண்ணன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று இலஞ்சியில் தகப்பன்மார்கள் மகன்களுக்குச் சொன்னார்கள். பாகம் பிரிக்கத் தகராறு செய்த பங்காளிகளைப் பிச்சையாவிடம் அனுப்பி யோசனை கேட்கச் சொன்னார்கள். அவரும் நல்ல யோசனைகளே சொன்னார்.

கோரமண்டல் ஏர்வேஸ் அந்த லைனை விடத்தான் செய்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஓட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தபோது பிச்சையாவும் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நம்ம தம்பி வேண்டாம்னு விட்டுட்டுப் போன வண்டி" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. இரண்டு வருஷத்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. அதையும் அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் என்று ஊர் சொன்னது. பேச்சித்தாய் மட்டும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பிச்சையா செய்தது இது: தம்பி தன் பஸ்ஸுக்கு மேலே பறப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை வைத்துக் கட்டினார்.